எல்லைக்கோட்டுக்கு அப்பால்

2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. அலுவலகப் படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி, நடை பயிலும் குழந்தைபோல் நான் மாடி ஏறிக்கொண்டிருந்தேன். முதல் நாள் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தொலைவை ஓடி முடித்த கால்கள் அவை. நாற்காலியில் அமர்ந்ததும் பிரிவு நண்பர்கள் சூழ்ந்துகொண்டனர். ஒருவர் தேநீர் வாங்கித் தந்தார். மற்றொருவர், பதக்கத்தை ஏன் கொண்டுவரவில்லை என்று கடிந்துகொண்டார். ஓய்வுபெற ஓராண்டே எஞ்சியிருந்த எங்கள் கண்காணிப்பாளர் மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தவாறே அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்: “சரி, முடிச்சாச்சு. அடுத்து என்ன?”

அக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. 26 ஆண்டுகள் நெஞ்சில் சுமந்த ஓர் ஆசையை இறக்கி வைத்துவிட்டு, சுமையும் இல்லாமல், போகுமிடமும் தெரியாமல் நின்றேன். விடை தேடப் போய் நான் வழி தவறியதையும், பின்னர் ஒருவாறு வழி கண்டதையும் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஓடுகிறவர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று இது. பிள்ளையின் பட்டம், மகளின் திருமணம், சொந்தமாக ஒரு வீடு என்று ஏதேனும் ஒன்றை ஆண்டுக்கணக்கில் எண்ணி உழைத்து, அது கைகூடிய மறுநாள் காலையில் காரணம் புரியாத வெறுமையோடு கண்விழித்தவர்கள் நம்முள் பலர் இருக்கக்கூடும்.

ஆசை பிறந்த கதை

நான் மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். அல்சூரை அடுத்த இப்பகுதிக்கு நாக்ஸ்பேட்டை என்பது பழைய பெயர். கண்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் ஒருவரின் பெயரைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டது. என் பாட்டனார் வடார்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் சிறு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நான்கு வீடுகளில் தும்மல் கேட்கும். தந்தையார் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியர். அலுவலகக் கடிதங்களை மிதிவண்டியில் எடுத்துச் சென்று ஊரெங்கும் சேர்ப்பிப்பது அவர் வேலை.

1997-ஆம் ஆண்டில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் பெங்களூரில் நடைபெற்றன. எனக்கு அப்போது வயது 17. தந்தையார் ஒரு மாலை என்னை மிதிவண்டியின் பின்னிருக்கையில் ஏற்றிக் கண்டீரவா விளையாட்டரங்கிற்கு அழைத்துச் சென்றார். அன்று நாங்கள் கண்டது நெடுந்தொலை ஓட்டம் ஒன்று. முதல்வர் வந்தார், கைதட்டல் எழுந்து அடங்கிற்று, மக்கள் எழுந்து நடக்கத் தொடங்கினர். ஆனால் ஓடுதளத்தில் ஒருவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு முழுச் சுற்று மிச்சம் இருந்தது. எல்லாரும் வெளியேறும் வழியைப் பார்த்திருக்க, தந்தையார் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றார். அம்மனிதர் எல்லைக்கோட்டைக் கடக்கும்வரை கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “கடைசியா வந்தான், சரி. ஆனா நிக்காம வந்தான் பாத்தியா?” என்றார்.

அன்றிரவு, இருப்பதிலேயே நீண்ட ஓட்டம் எது என்று கேட்டேன். மாரத்தான் என்றார். “நான் அதை ஓடுறேன்பா” என்றேன். அவர் சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான்கே ஆண்டுகள். 2001-இல் தந்தையார் மாரடைப்பால் காலமானார். பல்லாண்டுகளாய்க் கவனியாது விட்ட நீரிழிவு உள்ளிருந்து அரித்திருந்தது. அவருக்கு வயது 51, எனக்கு 21. கருணை அடிப்படையிலான பணி நியமனத்திற்கு விண்ணப்பித்து, இரண்டாண்டுகள் காத்திருந்து எழுத்தரானேன். அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். தங்கையர் இருவருக்கும் மணம் முடித்தேன். எனக்கும் திருமணம் நடந்தது, மகள் பிறந்தாள். மாரத்தான் என்ற சொல் அந்நாள்களில் என் வாயில் வந்ததே இல்லை. ஆனால் நெஞ்சின் அடியில், பழைய கோப்பு ஒன்று நிலுவையில் கிடப்பதுபோல் கிடந்தது.

2018-இல் அலுவலகத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் என் இரத்தத்திலும் சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்பதாகச் சொன்னார்கள். அன்று மாலை தந்தையாரின் படத்தின் முன் நெடுநேரம் நின்றேன். மறுநாள் விடியுமுன் அல்சூர் ஏரிக்கரைக்குப் புறப்பட்டேன்.

ஏரிக்கரைப் பள்ளி

ஏரிக்கரையே எனக்குப் பள்ளிக்கூடம். 1780-இல் தோன்றிய மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் ஏரியை ஒட்டியே இருக்கிறது. படையில் ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்படும் அவ்வீரர்கள் அணியணியாக ஓடிவரும் காலடி ஓசை, இருட்டில் ஒரே மனிதன் ஓடுவதுபோல் கேட்கும். அவர்களைப் பின்தொடர முயன்று முதல் நாள் இருநூறு மீட்டரில் மூச்சிரைத்து நின்றேன். ஒரு மாதத்தில் ஏரியை நிற்காமல் சுற்ற முடிந்தது. வீட்டிலிருந்து புறப்பட்டுச் சுற்றித் திரும்ப ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 2019 மே மாதத்தில் நகரின் பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டேன். பெருந்தொற்றுக் கால ஊரடங்கில் எங்கள் சந்திலேயே முன்னும் பின்னுமாக ஓடினேன். அண்டை வீட்டார் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கவலைப்பட்டனர். 2022-இல் அரை மாரத்தான் முடித்தேன்.

ஏரிக்கு அருகில் வள்ளுவர் சிலை இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். 1991-இல் அமைக்கப்பெற்று, திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற சிலை அது. நாள்தோறும் அதைக் கடக்கும்போது, ‘ஐயா, நீங்கள் 18 ஆண்டுகள் காத்திருந்தீர்கள், நான் இருபதைத் தாண்டிவிட்டேன்’ என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அம்மூன்றுமே அந்நாளில் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

2023 அக்டோபரில் அந்த ஞாயிறு வந்தது. பெங்களூர் மாரத்தான் கண்டீரவா அரங்கில் தொடங்கி அங்கேயே முடிவது. நான் அதைத் தேர்ந்தெடுத்ததன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் புறப்பட்டோம். முதல் 30 கிலோமீட்டர் நான் நினைத்ததைவிட எளிதாகவே கழிந்தது. அதன்பின் வந்தது சோதனை. தசைகளிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய அவ்வளவு தொலைவில் தீர்ந்துபோகும் என்பர். அதை நூலில் படிப்பது வேறு. 33-ஆம் கிலோமீட்டரில் கால்கள் இரண்டும் கல்லாய்ச் சமைவது வேறு. சாலையோரம் அமர்ந்துவிடலாம் என்று எண்ணிய வேளையில், தண்ணீர்ப் பந்தலில் நின்ற கன்னட அம்மையார் ஒருவர் ஆரஞ்சுச் சுளையை நீட்டி, “பன்னி, பன்னி!” என்று அன்போடு அழைத்தார். ஊருக்குப் புதிதாக வந்த தமிழர் இச்சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. கன்னடத்தில் ‘வாருங்கள்’ என்பது பொருள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பே என்னை அடுத்த கிலோமீட்டருக்குக் கொண்டு சேர்த்தது.

அரங்கிற்குள் நுழைந்தபோது ஐந்தரை மணி நேரம் கடந்திருந்தது. வென்றவர்கள் எப்போதோ வீடு திரும்பியிருப்பார்கள். 1997-இல் நாங்கள் நின்ற பக்கத்தை நோக்கினேன். அங்கே எவரோ ஒருவர், என்னை அறியாதவர், எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லைக்கோட்டைக் கடந்து அழுதேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

மைல் கணக்கில் மாரத்தான் 26 மைலும் 385 கெஜமும் ஆகும். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-இல் நிலைபெற்ற அளவு அது. எனக்கு ஆண்டுகளும் 26 ஆயின. பதக்கத்தைத் தந்தையாரின் படத்திற்கு அருகில் ஓர் ஆணி அடித்து மாட்டினேன்.

வெறுமையும் வேட்கையும்

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. கண்காணிப்பாளரின் கேள்வியும் வந்தது.

இரண்டு வாரங்கள் ஓய்வு. கால்வலி தீர்ந்தது, ஆனால் விடியற்காலையில் எழுந்திருக்க மனம் வரவில்லை. எதற்காக எழுவது? ஆறு மாதங்களாகச் சுவரில் ஒட்டியிருந்த பயிற்சி அட்டவணையில் கடைசிக் கட்டமும் நிரம்பிவிட்டது. அதைக் கிழிக்கவும் மனமில்லை, பார்த்திருக்கவும் முடியவில்லை. இத்தகைய வெறுமை நெடுந்தொலை ஓடி முடித்த பலருக்கு உண்டாவது என்று பின்னர் அறிந்தேன். அன்று அறியேன். வெறுமையை நிரப்பவேண்டும் என்ற அவசரத்தில், கையில் அகப்பட்ட எண்ணை எடுத்து அதில் திணித்தேன்: நான்கரை மணி நேரம். ஐந்தரை மணிக்கு மேல் ஆன ஓட்டத்தை, அடுத்த சில மாதங்களுக்குள் நான்கரை மணியில் ஓடவேண்டும். அதன்பின் 50 கிலோமீட்டர். அதன்பின் 100.

முதல் மாரத்தானுக்கு நான் ஐந்து ஆண்டுகள் படிப்படியாக உடலைப் பழக்கினேன். இரண்டாவதற்கு ஐந்து வாரங்கூடப் பொறுக்கவில்லை. ஞாயிறுதோறும் நான்கு மணிக்குப் புறப்பட்டு வெயில் ஏறியபின் திரும்புவேன். வீட்டில் என் பேச்சு முழுதும் நிமிடங்களும் நொடிகளுமாக ஆயிற்று. டிசம்பரில் வலக்காலின் முன்னெலும்பில் சிறு வலி தோன்றிற்று. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். சனவரியில் நடக்கவே முடியவில்லை. படமெடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பில் மயிரிழை போன்ற கீறல் விழுந்திருக்கிறது என்றார். எட்டு வாரங்கள் ஓடவே கூடாது என்றார். “யார் உங்களைத் துரத்துனாங்க?” என்று அவர் கேட்டதற்கும் என்னிடம் விடை இல்லை.

அந்த எட்டு வாரங்களில்தான் பெரிய அடி விழுந்தது. விடியற்காலையில் வீட்டில் இருந்து பழக்கமற்றவன், இப்போது இருந்தேன், பார்த்தேன். இரவில் என் மனைவி மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகிறவள் பாதிப் படியில் அமர்ந்துவிடுவதைப் பார்த்தேன். வற்புறுத்தி அழைத்துப்போய்ப் பரிசோதித்ததில், வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூறைத் தாண்டியிருந்தது. தந்தையாரைக் கொண்டுபோன அதே நோய், என் கண்ணெதிரே, என் சமையலறையில் நின்றிருக்கிறது. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன்.

“நாலஞ்சு மாசமாவே இப்படித்தாங்க. ஞாயித்துக்கிழமை காலையிலயாவது நீங்க வீட்ல இருந்தாத்தானே சொல்றதுக்கு?” என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அன்று. வானிலை சொல்வதுபோல் சொன்னாள். அதனால்தான் அது நெஞ்சில் தைத்தது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நொடி என்று கணக்கு வைத்திருந்தவன், உடன் வாழ்பவளின் மூச்சிரைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்று அறிதல்கள்

கால் ஊன்ற முடிந்ததும் ஏரிக்கரைக்கு மெல்ல நடந்து சென்றேன். வள்ளுவர் சிலையைப் பார்த்தபோது, நான் இதுவரை பொருட்படுத்தாத மூன்று அதிகாரங்கள் நினைவில் எழுந்தன: 48, வலியறிதல், 49, காலமறிதல், 50, இடனறிதல். அரசனுக்குச் சொன்னவை என்று பள்ளியில் படித்துக் கடந்தவை. ஊக்கமும் மடியின்மையும் ஆள்வினையும் அறுபதாம் அதிகாரத்திலிருந்து தொடங்குகின்றன. இவ்வறிதல்கள் அவற்றிற்கு முன்பே வைக்கப்பெற்றுள்ளன. ஊக்கம் ஒருவனை ஓர் எல்லைக்குக் கொண்டு சேர்க்கும். அவ்வெல்லையைத் தொட்டபின் அடுத்த எல்லையைக் குறிக்க ஊக்கம் மட்டும் போதாது, அறிதல் வேண்டும். எனக்கு நேர்ந்த பிழை இதுதான் என்று விளங்கிற்று.

முதலில் வலியறிதல். ஈழத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தனை மூத்த அன்பர்கள் நினைவுகூர்வர். 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, அங்கிருந்து திரும்பவும் நீந்தி வந்தார். 51 மணி நேரம் கடலில் இருந்தார். வேறொருவராயின் அத்துடன் நின்றிருப்பார். அவர் நிற்கவில்லை. ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் இடைவிடாது நடனமாடினார். 80 மணி நேரம் நீரில் மிதந்தார். சாதனைமேல் சாதனையாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் துறந்தார். அப்பெருவீரரை அளக்க இந்த எழுத்தருக்குத் தகுதி இல்லை. கடல் எத்தகையது என்பதை அவர் என்னைவிட நன்கறிந்தே இறங்கினார். ஆயினும் நான் அவர் அல்லன். என் எலும்பு அவர் எலும்பு அன்று. பிறர் வலிமையைப் பார்த்து என் இலக்கை வகுத்தேன் என்பதே என் குற்றம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சாலை விபத்தில் முழங்காலில் காயமுற்றும் ஓட்டத்தைக் கைக்கொண்டு, 2021-இல் தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற திரு. மா. சுப்பிரமணியன், அரை மாரத்தான் தொலைவைத் தமக்குரியதாகத் தேர்ந்துகொண்டு, அதனையே நூறு முறைக்கு மேல் ஓடினார். ஒரே தொலைவைத் திரும்பத் திரும்ப ஓடுவதும் இலக்குத்தான். எண் பெரிதாவது மட்டுமே வளர்ச்சி அன்று, தொடர்ச்சியும் வளர்ச்சியே. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் ஆண்டுக்கு ஒரு கட்டம் இறங்கி வரும் நமக்கு இது புரியாதா என்ன!

அடுத்தது காலமறிதல். 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்றவர் ஸ்பிரிடான் லூயிஸ் என்னும் தண்ணீர் சுமக்கும் தொழிலாளி. கிரேக்க நாடே அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடிற்று. அவரோ ஊருக்குத் திரும்பிச் சென்றார். அதன்பின் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. அவர் காலம் அந்த ஒரே நாள். பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங்கின் காலமோ வேறு. மனைவியையும் மகனையும் இழந்த துயரிலிருந்து மீள ஓடத் தொடங்கி, 2000-இல், தம் 89-ஆம் வயதில், இலண்டனில் முதல் மாரத்தானை ஓடினார். 2011-இல் நூறு வயதில் டொராண்டோவில் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதனால் கின்னஸ் நூலார் அதனை ஏற்கவில்லை. சான்றிதழ் இல்லையெனில் கோப்பு நகராது என்பது உலகெங்கும் ஒன்றுதான் போலும். என்னைக் கவர்ந்தது அவர் ஓடியது மட்டும் அன்று, குறைத்துக்கொண்ட முறை. 2013 பிப்ரவரியில் ஹாங்காங்கில் பத்து கிலோமீட்டர் ஓடி, அதுவே தம் கடைசிப் போட்டி என்று மகிழ்வோடு விடைபெற்றார். பின்னும் நடந்தார். 2025 சூலையில், 114-ஆம் வயதில், சொந்த ஊருக்கு அருகே சாலையில் வாகனம் மோதி இறக்கும்வரை நடப்பதை அவர் விடவில்லை.

இவ்விருவரையும் எண்ணியபோது, என் காலம் எது என்று கேட்டுக்கொண்டேன். நான்கரை மணி என்பது என் காலம் அன்று. என் காலத்தைக் குறிக்கும் எண் ஒன்றே ஒன்றுதான்: 51. தந்தையார் அந்த வயதைத் தாண்டவில்லை. நான் இப்போது நாற்பத்தைந்தைக் கடந்திருக்கிறேன். என் 52-ஆம் பிறந்தநாள் காலையில், தந்தையார் காணாத வயதில் கால் வைக்கும் அன்று, மர்பி டவுனிலிருந்து புறப்பட்டு ஏரியைச் சுற்றி ஓடி வீடு திரும்பவேண்டும். ஐந்து கிலோமீட்டர் மட்டும். பதக்கம் இல்லை, கடிகாரம் இல்லை, நிற்காமல் வரவேண்டும், அவ்வளவே. இதைச் சிறிய இலக்கு என்று எவரும் எண்ணலாம். அதற்காக நான் செய்யவேண்டுவன எவை என்று பட்டியல் இட்டபோது, உணவு, உறக்கம், இரத்தப் பரிசோதனை, எரிச்சலை அடக்குதல் என்று, முழு மாரத்தானுக்கு வகுத்த அட்டவணையைவிட அது நீண்டதாக இருந்தது.

இறுதியாக இடனறிதல். நான் ஓடிய ஆண்டுகளில் என் தெரு உறங்கிக்கொண்டிருக்கும்போது ஓசையின்றிக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவேன். கப்பன் பூங்காவில் உடன் ஓடுவோர் விலையுயர்ந்த காலணியும் கைக்கடிகாரமும் அணிந்தவர்கள், நல்லவர்கள், ஆனால் என் அண்டை வீட்டார் அல்லர். மர்பி டவுனில் ஓட்டம் என்பது வேலையற்றவர் வேலை. பகல் முழுதும் நின்றும் சுமந்தும் உழைப்பவரிடம் போய் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச எனக்கே கூச்சம். ஆயினும் எங்கள் சந்தில் எத்தனை வீடுகளில் மாத்திரைப் பெட்டி இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தபோது, ஓடவேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது.

கால் ஆறியபின் என் முதல் ஓட்டம் ஓட்டமே அன்று, மனைவியோடு நடை. முதல் நாள் ஏரியின் முனைவரை சென்று திரும்பினோம். புடைவையோடு எப்படி வேகமாக நடப்பது என்று தயங்கினாள். அடுத்த வாரம் மகளின் பழைய கேன்வாஸ் காலணியை மாட்டிக்கொண்டாள். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காள் கதவைத் திறந்து, “நானும் வரட்டுமா?” என்றார். இன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் சந்திலிருந்து ஏழு பெண்கள் புறப்படுகிறார்கள். மெட்ரோ தூண்களின் கீழே பேசிக்கொண்டே சாலையைக் கடந்து ஏரிப்பக்கம் போகிறார்கள். நான் கடைசியாக நடக்கிறேன். பேச்சு பெரும்பாலும் மாமியார்களைப் பற்றியது. எனக்கு அதில் இடமில்லை. மனைவியின் சர்க்கரை மருந்தினாலும் நடையினாலும் கட்டுக்குள் வந்திருக்கிறது. முழுவதும் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில மாதங்கள் ஏறுகிறது, சில மாதங்கள் இறங்குகிறது. அந்நோயின் இயல்பு அது. நாங்கள் நடப்பதை நிறுத்துவதில்லை.

ஓடுவதை நான் விட்டுவிடவும் இல்லை. வாரம் மூன்று நாள்கள் ஓடுகிறேன். தொலைவை மெல்ல மெல்லக் கூட்டுகிறேன். இன்னொரு மாரத்தான் ஓடும் ஆசை அவ்வப்போது தலைகாட்டுகிறது. அதை விரட்டுவதில்லை, அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். உனக்கு வலிமை உண்டா? உன் காலம் வந்ததா? உன் இடம் எது? விடை கிடைக்காதவரை அது காத்திருக்கட்டும். 26 ஆண்டுகள் காத்திருந்து பழகிய ஆசைக்குச் சில ஆண்டுகள் பெரிதல்ல. அதற்கு முன் ஒன்று செய்ய எண்ணியிருக்கிறோம். ஆரோவில்லில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் ஒரு மாரத்தான் நடக்கிறது. பரிசுக்காக அன்றி, ஓட்டத்தின் மகிழ்ச்சிக்காகவே நடத்தப்படுவது. செம்மண் பாதை, மர நிழல். அங்கே பத்து கிலோமீட்டர் பிரிவில் மனைவியும் மகளும் நானும் சேர்ந்து போகவேண்டும்.

சென்ற வாரம் இதைச் சொன்னபோது மனைவி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “நான் ரொம்ப மெதுவா வருவேனே, கடைசியா வந்தா?”

சுவரில் பதக்கமும் அதனருகே தந்தையாரின் படமும் இருந்தன. “கடைசியா வந்தா எழுந்து நின்னு கை தட்டுறதுக்கு ஆள் இருக்கு, வா” என்றேன்.